லைட் எரியுதா, மகள்?

கொஞ்சம் நீளமான பதிவுதான். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருத்தி. சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு ஏ எடுத்தவள். இப்போது தூரத்து மாவட்டமொன்றில் பல்கலைக்கழக விடுதியில் இரண்டாம் வருடம். வாப்பா மவுத்தாகிவிட்டார். உம்மா கைக்காப்பை அடகு வைத்துத்தான் லெப்டொப் வாங்கிக் கொடுத்தார்.

இந்த வருடம் அவளுக்கு வேறு அறை. அங்கே வைஃபை எட்டாது. ஆனால் சுவரில் கேபிள் குத்தும் இடம் இருக்கிறது. குத்தினாள், இன்டர்நெட் வரவில்லை. இரண்டு கிழமை ஃபோன் டேட்டாவில் சமாளித்தாள். காசு கரைந்தது. பிறகு டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். "வின்டோஸ் பழுது" என்று சொல்லி போர்மட் பண்ணி 3,000 ரூபாய் எடுத்தார்கள். அப்போதும் இன்டர்நெட் வரவில்லை. பாதி எழுதி வைத்திருந்த ஒப்படையும் அழிந்துபோனது. வேறு எங்கும் பிரதி இல்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கோல் எடுத்தாள். பேச முடியாமல் அழுதாள்.

கணினிப் பாடம் எடுக்கும் சக ஆசிரியரும் பக்கத்தில் இருந்தார். ஃபோனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

"கேபிள் குத்துற இடத்தில லைட் எரியுதா, மகள்?"

"ஓம் சேர், மின்னுது."

அப்படியென்றால் கேபிளும் சுவரும் உயிரோடு இருக்கின்றன. லைட்டே எரியாவிட்டால் வேறு கேபிள் போட்டுப் பார்க்க வேண்டும், முனையில் உள்ள பிளாஸ்டிக் கொளுக்கி உடைந்து தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது ஐபி முகவரி. 169.254 என்று தொடங்கியது. முகவரி தரும் சேர்வர் பதில் சொல்லாதபோது லெப்டொப் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது. அதை வைத்து இன்டர்நெட் போக முடியாது.

"அதே கேபிளைக் கூட்டாளிட லெப்டொப்பில குத்திப் பாருங்க." வேலை செய்தது. ஆகவே சுவரில் பிழை இல்லை.

மிஞ்சியது ஒன்றுதான். அந்த விடுதியில் படிவம் நிரப்பிப் பதிந்த லெப்டொப்புக்கு மட்டும்தான் முகவரி கிடைக்கும். படிவத்தில் 'பிசிக்கல் அட்ரஸ்' என்ற 12 எழுத்து இலக்கத்தை எழுத வேண்டும. லெப்டொப்பில் வைஃபைக்கு ஒரு இலக்கம், கேபிளுக்கு இன்னொரு இலக்கம். பிள்ளை வைஃபையின் இலக்கத்தை எழுதிக் கொடுத்திருந்தாள். அவ்வளவுதான். அந்த இலக்கம் கருவியோடு வருவது, ஆயிரம் தடவை போர்மட் பண்ணினாலும் மாறாது.

சரியான இலக்கத்தைக் கணினிப் பிரிவுக்கு மெயில் போடச் சொன்னோம். மறுநாள் காலை வந்துவிட்டது. எங்களுக்குப் பிடித்தது 25 நிமிடம். அவளுக்குப் போனது மூன்று கிழமையும், உம்மாவின் காசும், ஒரு ஒப்படையும்.

இதில் யாருடைய பிழை அதிகம்? பிள்ளையைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பிழை நம்முடையது.

ஸ்டார், பஸ், ரிங் என்று வலையமைப்பு வகைகளைக் கரும்பலகையில் படம் கீறிக் கற்பித்தோம். ஒரு கேபிளைக் கையில் கொடுக்கவில்லை. நம் பாடசாலைகளில் கணினி அறைச் சாவி எங்கே இருக்கிறது? மெஷின்களுக்கு உறை போட்டு, "தொடாதே, பழுதாகிவிடும்" என்று பூட்டி வைத்திருக்கிறோம். தொடாமல் வளர்ந்த பிள்ளை பழுது வந்தால் பயப்படாமல் என்ன செய்யும்? அதிலும் பெண் பிள்ளைகள் என்றால், வயர் வேலை நாநாமார் பார்க்கட்டும் என்று வீட்டிலேயே ஒதுக்கிவிடுகிறோம்.

"இதெல்லாம் பல்கலைக்கழகக் கணினிப் பிரிவின் வேலைதானே" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். எந்த இலக்கத்தை எழுத வேண்டும் என்று ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை அவர்களிடம் கேட்பது நம் உரிமை. ஆனால் "இன்டர்நெட் வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கிருந்து தேடுவது? "லைட் எரியுது, முகவரி 169.254, அதே கேபிளில் கூட்டாளியின் லெப்டொப் வேலை செய்யுது" என்று சொல்லும் பிள்ளைக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும். டொக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்பதற்கும் "மூன்று நாளாக இரவில் காய்ச்சல்" என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

விடுதிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சில விடயங்கள்:

மெல்லிய புது லெப்டொப்களில் கேபிள் துளையே இருக்காது. யூஎஸ்பி அடெப்டர் தேவை. அப்போது பதிய வேண்டியது அந்த அடெப்டரின் இலக்கம். அதைக் கூட்டாளிக்கு இரவல் கொடுத்தால் இலக்கமும் அதோடு போய்விடும்.

சொந்த வைஃபை ரவுட்டரைக் கொண்டுபோய்ச் சுவரில் குத்தாதீர்கள். சுவர்க் கேபிளை அதன் லேன் துளையில் மாறிக் குத்தினால், உங்கள் ரவுட்டர் மாடி முழுவதற்கும் பிழையான முகவரிகளைக் கொடுக்கத் தொடங்கும். உங்களால் பத்து அறைக்கு இன்டர்நெட் இல்லாமல் போகும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது பிழை என்று கடைசிவரை தெரியாது.

போர்மட் கடைசி மருந்து. அதற்கு முன் எழுதியவற்றை பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, மாதத்தில் ஒரு பாடவேளை போதும். ஒரு மெஷினின் கேபிளைப் பின்னால் கழற்றி வைத்துவிட்டு, "இன்டர்நெட் இல்லை, கண்டுபிடியுங்கள்" என்று பிள்ளைகளிடம் விடுவோம். ஒரு கேபிள் பழுதானால் பழுதாகட்டும், புதிதாக வாங்கலாம். அழிந்த ஒப்படையை எங்கே வாங்குவது?

அந்தப் பிள்ளை இப்போது ஒப்படையை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "சேர், பக்கத்து அறைத் தங்கச்சிக்கும் இதே பிரச்சினை. நானே பார்த்துக் குடுத்துட்டேன்."