வாப்பாட குரல் எங்கே?



சென்ற வாரம் ஒரு குடும்பத்தினர் எங்களைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார்கள். அவர்களின் வாப்பா ஊரறிந்த களிகம்பு அண்ணாவியார். எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கி மேடையேற்றிய அடுத்த வருடமே மௌத்தாகிவிட்டார். "அண்டைக்கு எடுத்த வீடியோ இரிக்கா சேர்? வாப்பாட குரல ஒருக்காக் கேக்கணும்" என்றார்கள்.

தேடினோம். அன்று மண்டபத்தில் போன் தூக்காத கை இல்லை. ஆனால் கிடைத்தவை மூன்றே மூன்று துண்டுகள். ஒன்றில் முன்னால் இருந்தவரின் தலைதான் தெரிகிறது. இன்னொன்று ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்று எடுத்தது, சத்தம் கிழிந்து போயிருக்கிறது. மூன்றாவதில் யாரோ 'அழகாக்க' வேறு இசையைப் போட்டு மூடிவிட்டார்கள். முழுசாக ஒரு கவி அவர் குரலில் இல்லை. பிழை எங்களுடையது. மேடைக்கு, சோடனைக்கு, சிற்றுண்டிக்கு எல்லாம் ஆள் போட்ட நாம், பதிவுக்கு ஒருவரையும் பொறுப்பாக்கவில்லை.

விலை உயர்ந்த போன் இல்லாததால் வந்த குறையல்ல இது. அன்று நல்ல போன்கள் தாராளமாக இருந்தன. கவனம்தான் இருக்கவில்லை.

களிகம்பில் பாதி உயிர் சத்தத்தில்தான். அண்ணாவியார் எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் திருப்பிப் பாட, கம்புகள் மோதும். கம்பு 'டக்' என்று விழும்போதெல்லாம் போன் தானாகவே ஒலியளவைக் குறைக்கும், பாடுகிறவரின் குரல் அடியில் போய்விடும். சத்தம் கூடி ஒருமுறை கிழிந்த ஒலியை எந்த அப்பாலும் முழுமையாகச் சீராக்க முடியாது. ஆகவே படம் எடுக்கும் போனை மட்டும் நம்பாமல், இன்னொரு போனை விமானப் பயன்முறையில் போட்டு, குரல் பதிவை ஓடவிட்டு, அண்ணாவியாருக்குப் பக்கத்தில் வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை பலமாகக் கை தட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்துவது இலகு.

படத்துக்கு, லென்ஸைத் துடையுங்கள். போனைக் கிடையாகப் பிடியுங்கள், வட்டமாக நின்று ஆடும் ஆட்டம் நெடுக்குப் படத்தில் அடங்காது. சூம் பண்ணாமல் கிட்டப் போங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சில எல்ஈடி விளக்குகளின் கீழ் 30 பிரேமில் எடுத்தால் படம் துடிக்கும். 25 பிரேம் வைக்க முடிந்தால் அதை வையுங்கள்.

அடுத்தது பகிர்வது. வட்ஸ்அப்பில் வழமைபோல் அனுப்பும் வீடியோ சுருக்கப்பட்டே போகிறது. அதை ஒருவர் ஸ்டேட்டஸில் போட, இன்னொருவர் ஸ்க்ரீன் ரெக்கோர்ட் செய்து முகநூலில் ஏற்ற, கடைசியில் மிஞ்சுவது சக்கைதான். அதே வீடியோவை 'டொக்யுமென்ட்' ஆக அனுப்பினால் எடுத்தபடியே போகும். 2 ஜிபி வரை அனுப்பலாம்.

"டேட்டாவுக்கு யார் காசு தாறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழுமத்துக்குச் சின்னக் கோப்பையே அனுப்புங்கள், தப்பில்லை. ஆனால் மூலப்பிரதி ஒன்று பாடசாலைக் கணினியிலும், இன்னொன்று வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு.

பெண்பிள்ளைகளின் நிகழ்ச்சியைப் பொதுவெளியில் போடுவதா என்பதைப் பெற்றோரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். அதற்காகப் பதியாமலே விட்டுவிடுவதும் சரியல்ல. பதிந்து, வெளியிடாமல் வைத்திருக்கலாமே.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கோ மீலாத் விழாவுக்கோ பிள்ளைகளைப் பழக்கும்போதே, பதிவுக்கென்று இரண்டு மாணவர்களையும் பழக்குவோம். ஒத்திகையிலேயே ஒருமுறை எடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும். முதியவர் ஒருவர் நமது மேடையில் பாடுகிறார் என்றால், அவர் குரல் நம் கையில் தரப்பட்ட அமானத்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அன்று மண்டபத்தில் இருந்தவர்களே, உங்கள் பழைய போனிலோ மெமரி காட்டிலோ அந்த வீடியோ இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் வெட்டாமல், இசை சேர்க்காமல், டொக்யுமென்டாக அனுப்புங்கள். அந்தப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.