டவுன் பஸ்ஸின் வரவு

சட்டமன்றத்தில் போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கை வரும்போதெல்லாம் அரசு பஸ்களின் நஷ்டக் கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. டீசல், சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி என்று செலவுகளை வரிசையாகச் சொல்கிறார்கள். வரவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் டிக்கெட் காசுதான். அந்த பஸ்ஸில் ஏறிப் போனவர் அன்றைக்குச் சம்பாதித்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

1972-ல் சென்னையில் பல்லவன், தனியார் வழித்தடங்களை அரசுடைமையாக்கி மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. கலெக்‌ஷன் அதிகமுள்ள தடத்தில் வந்த பணம், கலெக்‌ஷனே இல்லாத தடத்தையும் ஓட்டியது. ராத்திரி கிராமத்திலேயே தங்கி, விடிவதற்குள் முதல் நடையாகக் கிளம்புகிற ஹால்ட் பஸ் அப்படித்தான் ஊர்களுக்குக் கிடைத்தது. உழவர் சந்தைக்குப் போகும் கீரைக்கட்டும், கட்டட வேலைக்குப் போகும் சித்தாளும், டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும் பெரியவரும் அதில்தான் போகிறார்கள். உள்ளூர்ப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும் கிராமத்தில், மேலே படிக்கும் ஆசையுள்ள பெண்பிள்ளைக்கு அந்த பஸ்ஸும் இலவச பாஸும்தான் கதவைத் திறந்தன. தமிழ்நாட்டின் கல்வி வளர்ச்சிக்குச் சத்துணவைக் காரணம் சொல்கிறோம், சரிதான். டவுன் பஸ்ஸுக்கும் அதில் பங்கு உண்டு.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வசதியுள்ள வீட்டில் இது சிறிய தொகை. வீட்டு வேலைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிற பெண்ணுக்கு அது ஒரு மாத காஸ் சிலிண்டர். பணத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நடந்திருக்கிறது. பஸ்ஸுக்குக் காசு கேட்டு வீட்டில் யாரிடமும் நிற்க வேண்டியதில்லை என்பதால், பக்கத்து ஊரில் ஐம்பது ரூபாய் கூடக் கூலி கிடைத்தால் அங்கேயே போக முடிகிறது. இதை ‘ஓசிப் பயணம்’ என்று சொல்லிப் பெண்களைக் கூசவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரார் வரிப்பணத்தில் கட்டிய மேம்பாலத்தில் காரில் போவதை யாரும் ஓசி என்பதில்லை. கர்நாடகம் 2023 ஜூனில் தொடங்கியபோது, மாநிலத்துக்குள் ஊர்விட்டு ஊர் போகும் சாதாரண பஸ்களிலும் பெண்களுக்கு இந்தச் சலுகையைத் தந்தது. இங்கே மப்சல் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தும் பஸ் வராவிட்டால் என்ன பயன்? நம் கவலை இங்கேதான். டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை, வண்டி ரிப்பேர் என்று பணிமனையில் ஒரு நடையை ரத்து செய்தால், பதிவேட்டில் அது ஒரு வரி. கிராமத்தில் அது ஒருநாள் கூலி. கடைசி பஸ் நிச்சயமில்லை என்று தெரிந்த பெண், இரண்டாவது ஷிஃப்ட் வேலையைக் கேட்கவே மாட்டாள். மாலை சிறப்பு வகுப்பு முடிந்து மகள் எப்படி வருவாள் என்று பயந்து, படிப்பையே நிறுத்திவிடும் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. முடிந்தவர்கள் கடன் வாங்கிப் பைக் எடுக்கிறார்கள். வருமானத்தில் ஒரு பகுதி மாதத் தவணைக்கும் பெட்ரோலுக்கும் போகிறது. முடியாதவர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்குகிறார்கள்.

இணைப்பிலும் அக்கறை போதவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தண்டவாளம் இருந்தும், நின்று ஏற ஒரு ரயில் நிலையம் அன்று அங்கே இல்லை. மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் வந்திறங்கியவர்கள் பட்ட பாட்டைச் சென்னை பார்த்தது. பிறகு பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலி வந்திருக்கிறது. வரவேற்கிறோம். மாவட்டத் தலைநகரங்களுக்கும் அது போக வேண்டும்.

சாதாரண பஸ் கட்டணம் 2018-க்குப் பிறகு உயர்த்தப்படவில்லை. அது நல்ல முடிவு. ஆனால் அதன் சுமையைக் கழகங்களின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கக் கூடாது. சலுகைகளுக்கான தொகையை முழுதாக, உரிய நேரத்தில் கொடுக்க வேண்டும். காலியான டிரைவர், கண்டக்டர் இடங்களை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு மாதமும் ரத்தான நடைகளின் பட்டியலை, தடம்வாரியாக, அந்தந்த பஸ் நிலையத்தில் ஒட்ட வேண்டும். புதிய பஸ்களைக் கொடியசைத்து அனுப்பும்போது, நிறுத்தப்பட்ட இரவு நடைகளுக்கும் ஹால்ட் பஸ்களுக்கும் முதலில் வண்டி ஒதுக்குங்கள் என்று போக்குவரத்துத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.