ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்துகளும் எடை குறைப்போரின் தாகமும்

ஹைதராபாத்தின் கே.பி.ஆர். பூங்காவைச் சுற்றியுள்ள நடைபாதையில் விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வருவோரில் பலருக்கு எடையைக் குறைப்பதே நோக்கம். வியர்வை சொட்டச் சொட்ட நடந்தபின் எழும் தாகத்துக்கு எதைக் குடிப்பது என்ற கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் நடந்த நடையின் பயன் எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்தக் கேள்விக்கான விடையே ஓரளவு தீர்மானிக்கிறது.

இதே நகரைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், சர்க்கரை மிகுந்த பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைத் தாங்கி விற்கப்படுவதை எதிர்த்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடினார். 2022இல் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார். அவ்வாண்டு ஜூலையில், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவை அன்று’ என்ற அறிவிப்பை அச்சிட்டால் போதும் எனப் பெயருக்கு அனுமதி கிடைத்தது. இறுதியில் 2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. இனி எந்த உணவுப் பொருளும் முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்துக்கூட அந்த எழுத்துகளைப் பெயரில் பயன்படுத்தலாகாது.

இந்தப் போராட்டம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை முன்வைத்து நடந்தது. எனினும் அதன் பாடம் உடற்பயிற்சி செய்வோருக்கும் உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உண்டு. அது சுவைக்காகச் சேர்க்கப்படுவதன்று. குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் இணைந்தே உட்புகுகின்றன, அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்பதற்காகச் சேர்க்கப்படுவது. சந்தையில் இருந்த சில பானங்களில் லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை இருந்ததாக அம்மருத்துவர் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ ஒன்பது மடங்கு.

இக்கணக்கை எடை குறைப்பவரின் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். அத்தகைய பானம் 200 மில்லிலிட்டர் குடித்தால் 24 கிராம் சர்க்கரை, அதாவது 96 கலோரி உடலுக்குள் வரும். ஈட்டியதில் மூன்றில் இரு பங்கு, பூங்காவின் வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பிவிடுகிறது. அதை அவர் இனிப்பு என்று எண்ணிக் குடிப்பதில்லை, மருந்து என்று எண்ணிக் குடிக்கிறார் என்பதே இதில் உள்ள கொடுமை.

பொட்டலத்தின் பின்புறம் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கிறதே, படித்துப் பார்ப்பது வாங்குபவரின் கடமை அல்லவா என்று சிலர் வாதிடுவர். ஆனால் கடையில் பொருள் கைமாறுவது பேச்சின் வழியே. ‘ஓ.ஆர்.எஸ். ஒன்று கொடுங்கள்’ என்று கேட்பவர் சிறிய எழுத்தைப் படிப்பதில்லை. கடைக்காரரும் படித்துக் காட்டுவதில்லை. மேலும், ஒரு குறுக்கம் தனிச்சொல்லாகிவிட்டால் அதன் விரிவு மறக்கப்படுகிறது. அந்த மூன்றாம் எழுத்து உப்பைக் குறித்தது என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? 1971இல் வங்காள எல்லையில் இருந்த பன்காவ் அகதி முகாமில், காலராவுக்கு எதிராக மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைப் பயன்படுத்தி உயிர்களைக் காத்தார். அவ்வாறு ஈட்டிய நம்பிக்கையைப் பெயரோடு சேர்த்து இரவல் வாங்கியவர்களுக்குப் பின்புற அறிவிப்பு ஒரு சாக்கு மட்டுமே.

அப்படியானால் உண்மையான ஓ.ஆர்.எஸ். நடைப்பயிற்சியாளருக்கு உகந்ததா? அதுவும் அன்று. அதன் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1.7 கிராம் சோடியம் உள்ளது. பெரியவர் ஒருவர் நாள் முழுதும் உட்கொள்ளும் சோடியம் 2 கிராமுக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் அதை அன்றாடப் பானமாக்குவது ஆபத்து. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீரே போதும். வியர்வையில் போன உப்பைக் காலை உணவு ஈடுசெய்துவிடும். நெடுநேரம் ஓடுவோரின் தேவை வேறு.

மறுமுனையில், எடை விரைவாகக் குறையவேண்டும் என்று தண்ணீரையே தவிர்ப்போரும் உண்டு. ஒரு லிட்டர் வியர்வை வெளியேறினால் எடைக்கருவி ஒரு கிலோ குறைத்துக் காட்டும். குறைந்தது நீர், கொழுப்பன்று. ஒரு கிலோ கொழுப்புத் திசு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாகவேண்டும். அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கே. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. தாகத்தை மதித்துக் குடிப்பதும், சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று கவனிப்பதும் பெரும்பாலோருக்குப் போதுமான அளவுகோல். சர்க்கரை சேர்க்காத நீர்மோர் ஹைதராபாத்திலும் எளிதில் கிடைக்கிறது.

ஆணை பெயரை நீக்கியிருக்கிறது, பானத்தை நீக்கவில்லை. காலியான இடத்தை ‘எலக்ட்ரோலைட்’, ‘எனர்ஜி’, ‘ஹைட்ரேஷன்’ போன்ற சொற்கள் நிரப்பக் காத்திருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் எட்டு ஆண்டுகள் வழக்காடிக்கொண்டிருக்க இயலாது. ஒரு பொட்டலத்தில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதைப் பெயருக்கு அருகிலேயே, அதே அளவு எழுத்தில், வட்டார மொழியிலும் அச்சிடவேண்டும் என்ற விதியே நிலையான தீர்வு. அதுவரை, பூங்கா வாசலில் நிற்பவர் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டி இருப்பதே நலம்.