நீக்கிய சொல்லும் சேர்க்காத சொல்லும்

2020 ஜூன் மாதம் அமெரிக்க மென்பொருள் உலகத்தில் பெரிய பட்டிமன்றம் ஒன்று நடந்தது. தலைப்பு இதுதான்: கணினிக்குள் அடிமை இருக்கலாமா?

கேலி இல்லை. பல கணினிகள் சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்று கட்டளையிடும், மற்றவை கேட்டு நடக்கும். கட்டளையிடுவதற்கு 'மாஸ்டர்' என்றும், கேட்டு நடப்பதற்கு 'ஸ்லேவ்' என்றும் பல பத்தாண்டுகளாகப் பெயர். தமிழில் சொன்னால் ஆண்டானும் அடிமையும். நம் ஊர் பாலிடெக்னிக் மாணவர்களும் இதே சொற்களைப் படித்துத்தான் தேர்வு எழுதினார்கள்.

அந்த ஆண்டு மே 25-ம் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தார். நாடு கொதித்தது. மென்பொருள் நிறுவனங்களுக்கும் மனசாட்சி உறுத்தியது. மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமான கிட்ஹப், உலகம் முழுவதும் உள்ள நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இடம். அங்கே ஒவ்வொரு நிரலின் முதன்மைக் கிளைக்கும் 'மாஸ்டர்' என்பதே பெயராக இருந்தது. 2020 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தொடங்கும் நிரல்களில் அது 'மெயின்' ஆனது. லினக்ஸ் குழுவினரும் புதிதாக எழுதும் நிரல்களில் இத்தகைய சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று ஜூலையில் விதி வகுத்தார்கள்.

பட்டிமன்றத்தில் இரு அணிக்கும் வாய் நீளம்தான். "அப்படியானால் மாஸ்டர் டிகிரியையும் ஒழித்துவிடலாமா?" என்றது ஒரு அணி. "உனக்கு வலிக்கவில்லை என்றால் யாருக்குமே வலிக்கவில்லை என்று அர்த்தமா?" என்றது எதிரணி. "பெயரை மாற்றினால் போலீஸ்காரர் முழங்காலை எடுத்துவிடுவாரா?" என்று நடுவில் ஒருவர் கேட்டார்.

இந்தச் சண்டைக்கு ஒரு முன்கதையும் உண்டு. 2003-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம், கருவிகளின் மேல் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று எழுத வேண்டாம் என்று தனக்குப் பொருள் வழங்கும் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே வேலை செய்த ஒருவர் ஒரு கருவியில் அந்தச் சொற்களைப் பார்த்துப் புகார் கொடுத்ததே காரணம். அப்போது பலரும் சிரித்தார்கள். சிரித்த தொழிலே 17 ஆண்டுகள் கழித்து அதைத் தானாகச் செய்தது.

இதுவரை நல்ல செய்திதான். அதே ஜூன் மாதத்தின் கடைசி நாளில் இன்னொரு செய்தி வந்தது.

2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஒரு தலித் பொறியாளரை, உயர்சாதியைச் சேர்ந்த இந்திய மேலாளர்கள் சாதியின் பேரால் ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர் இட ஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்று மற்றவர்களிடம் சொல்லி, சாதியை வெளிப்படுத்தினார்கள். அவர் புகார் செய்ததும் பொறுப்புகளைப் பறித்தார்கள். மனு இப்படிச் சொல்கிறது. நிறுவனம் இதை மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை 2023 ஏப்ரலில் அந்தத் துறையே திரும்பப் பெற்றுக்கொண்டது; நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது நம் வேலை அல்ல.

நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று அந்த மனுவில் உண்டு. பொறியாளர் முதலில் போனது அரசிடம் அல்ல, தன் அலுவலகத்தின் ஊழியர் நலப் பிரிவிடம். சாதிப் பாகுபாடு சட்டப்படி குற்றமில்லை என்ற பதிலே அங்கே கிடைத்தது என்கிறது மனு. இனம், நிறம், மதம், பாலினம் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் சாதி என்ற சொல் இல்லை. சொல் இல்லாததால் புகாரும் இல்லை.

பிறகு அந்தச் சொல்லைச் சேர்க்கும் போராட்டம் தொடங்கியது. ஆப்பிள் நிறுவனம் தன் ஊழியர் விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரி 21-ல் சியாட்டில் நகர மன்றம், உறுப்பினர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த தீர்மானத்தை 6-1 என்ற கணக்கில் நிறைவேற்றியது. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் அதுதான். அமேசானின் தலைமையகம் இருக்கும் ஊர் அது. மைக்ரோசாஃப்ட் பக்கத்து ஊரில் இருக்கிறது.

எல்லாக் கதவும் திறக்கவில்லை. 2022-ல் கூகுள் நிறுவனத்தில் சாதி குறித்துப் பேச, தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜனை அழைத்தார்கள். ஊழியர்கள் சிலர் எதிர்க்கவே நிகழ்ச்சி ரத்தானது. ஏற்பாடு செய்த மேலாளர் பிறகு வேலையை விட்டார். கலிபோர்னியாவில் மாநிலம் முழுவதற்கும் சாதியைப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை ஆயிஷா வஹாப் கொண்டுவந்தார். இந்தியர்களையும் இந்துக்களையும் மட்டும் குறிவைக்கிறது என்று அங்குள்ள சில இந்து அமைப்புகள் எதிர்த்தன. இருந்தும் இரு அவைகளும் பெரும்பான்மையோடு நிறைவேற்றின. 2023 அக்டோபர் 7-ல் ஆளுநர் கவின் நியூசம் ஒப்புதல் தர மறுத்தார். இப்போதுள்ள சட்டமே போதும், புதிதாக ஒன்று தேவையில்லை என்றார்.

ஆளுநர் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்கிறார். அலுவலகமோ அப்படி ஒரு சட்டம் இல்லை என்று சொன்னதாக மனு சொல்கிறது. இருவருக்கும் நடுவில் புகார்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்கிறார்.

ஒரு சொல்லை நீக்க அந்தத் தொழிலுக்குச் சில மாதங்கள் போதுமாக இருந்தது. ஒரு சொல்லைச் சேர்க்க மூன்று ஆண்டுகள் போராடியும் முடியவில்லை. காரணம் எளிது. 'மாஸ்டர்' என்ற பெயரை எடுத்ததால் எந்த மேலாளரும் நாற்காலியை இழக்கவில்லை. 'சாதி' என்ற சொல்லைப் பட்டியலில் சேர்த்தால், அந்த நாற்காலியில் இருப்பவர் நாளை பதில் சொல்ல வேண்டிவரும்.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. 1922-ல் சென்னை மாகாண சட்டசபையில் எம்.சி. ராஜா ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இழிவாகச் சொல்லப்பட்டுவந்த பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிட்டு, ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என்றார். யாருக்கு வலித்ததோ அவர்களே கேட்ட மாற்றம் அது. ஆனால் பெயர் மாறியதோடு வேலை முடிந்தது என்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை. 1924-ல் அதே அவையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, பொதுக் கிணறு, அரசு அலுவலகம் எல்லாவற்றையும் எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். முதல் தீர்மானம் பெயரைக் கொடுத்தது, இரண்டாவது பாதையைக் கொடுத்தது. இரண்டும் வேண்டியிருந்தது.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். பள்ளியில் முகவரி கேட்கும்போது தலைகுனிந்த பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். வரவேற்கிறோம். பெயர்ப்பலகை மாறிய பிறகு சுடுகாட்டுப் பாதை எப்போது வரும் என்று கேட்பதும் நம் கடமை.

இந்தக் கேள்வி நம் ஊரிலிருந்து மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெங்களூருவிலோ அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவர்களில் சிலர் அமெரிக்காவுக்கும் போகலாம். அங்கே யாரும் சாதி என்ன என்று நேராகக் கேட்பதில்லை. சொந்த ஊர் எது, எந்தத் தெரு, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று சுற்றி வளைப்பார்கள். நட்பாகத் தட்டிக்கொடுப்பதுபோல முதுகில் பூணூல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பதும் உண்டு என்று அங்குள்ள தலித் பொறியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

வன்கொடுமைகளுக்கு 1989-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கல்லூரிகளில் சாதிப் பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதி வகுத்தது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். ஆனால் தனியார் அலுவலகத்தில், காவல் நிலையம் வரை போகாத அன்றாட ஒதுக்குதலை யாரிடம் சொல்வது? பதவி உயர்வில் பெயர் விடுபட்டால், கூட்டத்துக்கு அழைப்பு வராமல் போனால், சாப்பாட்டு மேசையில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தால் எங்கே எழுதிக் கொடுப்பது?

பெண்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு அலுவலகத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதேபோல் சாதிப் பாகுபாட்டுக்கும் ஒரு குழு வேண்டும். நிலமும் மின்சாரச் சலுகையும் கொடுத்து மென்பொருள் நிறுவனங்களை அழைக்கும் மாநில அரசு, ஊழியர் விதியில் 'சாதி' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே கேட்கலாம். உலகம் முழுவதும் நிரல்களில் ஒரு சொல்லை மாற்ற முடிந்தவர்களுக்கு, தங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு சொல்லை எழுதுவது கடினமாக இருக்காது.