முடிவில்லாத மேல்முறையீடாம்!

அமெரிக்காவில் தண்டனை பெற்றவனுக்கு மேல்முறையீட்டுக்கு முடிவே கிடையாது, வழக்கில் தோற்றவன் கடைசியில் வக்கீல் சரியில்லை என்று கிளம்பிவிடுவான் என்ற பல்லவியை அங்குள்ள அரசியல் மேடைகள் பல காலமாக விடாமல் பாடுகின்றன. பாடுகிறவர்கள் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பின் சூடு தணியுமுன் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அது. மாநிலச் சிறையில் இருப்பவர் தன் தண்டனையை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட ஓராண்டுதான் கெடு. மனு தள்ளுபடியானால் நேரே மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. நீதிபதி ஒருவர் அனுமதிச் சான்று தர வேண்டும். டெக்சாஸின் மரண தண்டனைக் கைதி டுவேன் பக் கறுப்பினத்தவர் என்பதால் மறுபடி வன்முறையில் இறங்கும் வாய்ப்பு கூடுதல் என்று கருதிய நிபுணரைச் சாட்சியாக அழைத்தது அரசுத் தரப்பு அல்ல, பக்கின் சொந்த வக்கீலேதான். இதற்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சான்று தர மறுத்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

வக்கீல்மேல் பழி போடுவது சுலபம் என்பவர்கள் கால்வின் பர்டைன் வழக்கைப் படிக்கலாம். மரண தண்டனை வழக்கு விசாரணையில் அவருடைய வக்கீல் திரும்பத் திரும்பத் தூங்கினார். எந்தெந்தக் கட்டத்தில் தூங்கினார் என்று தெரியாததால் பாதிப்பை ஊகிக்க முடியாது என்றது 2000-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஓர் அமர்வு. மறு ஆண்டு முழு அமர்வு அதை மாற்றியது, அதுவும் ஒருமனதாக அல்ல. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு முடிவு வேண்டாமா என்பார்கள். தவறான ஆளை அடைத்து வைத்துவிட்டு அதை முடிவு என்பதா?

அரிசோனாவின் பாரி ஜோன்ஸ் வழக்கு ஒன்றே இந்தப் பல்லவிக்குப் பதில் சொல்லப் போதும். நான்கு வயதுச் சிறுமியைக் கொன்றதாக 1995-இல் மரண தண்டனை. சிறுமிக்குக் காயம் எப்போது ஏற்பட்டது என்பதில்தான் வழக்கின் உயிர் இருந்தது. அந்த மருத்துவச் சான்றை அவருடைய வக்கீல்கள் முறையாக ஆராயவே இல்லை. அடுத்து மாநில நீதிமன்றத்தில் மனு நடத்திய வக்கீலும் இந்தக் குறையை எடுத்துவைக்கவில்லை. 2018-இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தச் சான்றுகளை விரிவாகக் கேட்டு, மறுவிசாரணை நடத்துங்கள், இல்லையேல் விடுவியுங்கள் என்றார். 2022-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதைத் தட்டிவிட்டது. மாநில நீதிமன்றத்தில் வைக்காத சான்றைக் கூட்டாட்சி நீதிபதி பார்க்கவே கூடாதாம். வைக்கத் தவறியது வக்கீல் என்றாலும் அந்தப் பிழை கைதியின் கணக்கில்தான் சேரும். அதாவது முதல் வக்கீலின் அலட்சியத்தை இரண்டாம் வக்கீலின் அலட்சியம் மூடிவிடும். இரண்டையும் மனுதாரர் சுமப்பார். குற்றமற்றவர் என்பது மட்டும் இங்கே போதாது என்று அரிசோனா தரப்பு உச்ச நீதிமன்றத்திலேயே வாதிட்டது. முடிவில்லாத வாய்ப்பு என்றால் இதுதான் போலும்.

ஜோன்ஸ் 2023 ஜூனில் வெளியே வந்துவிட்டாரே, அமைப்பு ஒழுங்காகத்தானே நடக்கிறது என்று உடனே சொல்வார்கள். அவரை வெளியே கொண்டுவந்தது ஆட்கொணர்வு மனு அல்ல, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் செய்துகொண்ட சமரசம். சிறுமியை மருத்துவரிடம் கொண்டுபோகத் தவறியதற்காக இரண்டாம் நிலைக் கொலையை அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு விதித்த 25 ஆண்டுகளை அவர் எப்போதோ கழித்து முடித்திருந்தார்.