பின்லாந்துக்காரர்களைக் கேளுங்கள்

காய்ச்சல் மாத்திரை கேட்டால், மருந்துக்கடைப் பையன் கூடவே ஒரு ஊதா டப்பாவையும் எடுத்து வைக்கிறான். "ஆன்டிஆக்சிடென்ட் சார். செல்லுக்கெல்லாம் பாதுகாப்பு. சைடு எஃபெக்டே கிடையாது." பின்னால் நிற்பவர் ஆமோதிக்கிறார். அவரும் சாப்பிடுகிறாராம்.

சைடு எஃபெக்ட் கிடையாதாம்! பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடென்ட். 1994இல் முடிவு வந்தது: அந்தப் பாதியில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். குறையவில்லை ஐயா, கூடியது. இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங், வைட்டமின் சி புற்றுநோயை விரட்டும் என்று ஊரெல்லாம் சொல்லி, தானும் தினம் 18 கிராம் வரை விழுங்கியவர். அவர் இறந்ததும் அதே 1994இல்தான்; புற்றுநோயில்தான்.

ஆன்டிஆக்சிடென்ட் அடக்குகிற ஃப்ரீ ராடிக்கல் கெட்டதில்லையா என்பார்கள். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் அது, செல் சவ்வின் கொழுப்பிலிருந்து ஒன்றைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். வைட்டமின் ஈ நடுவில் புகுந்து தன்னுடையதைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. வைட்டமின் சி அந்த ஈயை மீட்டுத் தருகிறது. எல்லாம் சரி. ஆனால் நம் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல அதே ராடிக்கலைத்தான் தயாரிக்கின்றன. உடற்பயிற்சியின் பலன் தசையில் பதியவும் அது கொஞ்சம் வேண்டியிருக்கிறது. சி, ஈ மாத்திரைகளோடு பயிற்சி செய்த இளைஞர்களுக்கு இன்சுலின் சார்ந்த பலன் கிடைக்கவில்லை என்று 2009இல் ஜெர்மனியில் கண்டார்கள். கேட்டலேஸ் மாதிரி நொதிகளை வைத்துக்கொண்டு எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்று உடம்பு பார்த்துக்கொள்கிறது. டப்பாவுக்கு அந்த விவஸ்தை உண்டா?

காய்கறி தின்பவர்கள் நலமாக இருக்கிறார்களே என்றால், காய்கறி தின்னுங்கள். கேரட்டில் பீட்டா கரோட்டின் இருக்கிறது என்பதற்காக அதை மட்டும் உருவி மாத்திரையாக்கித்தானே பின்லாந்தில் கொடுத்தார்கள்? அமெரிக்காவில் இன்னும் அதிகமாக, வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் ஏறியது. 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

தெருமுனையில் நெல்லிக்காய் கூறு கட்டி விற்கும் பாட்டியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர், ஊதா டப்பாவுக்கு வாய் திறக்காமல் கார்டைத் தேய்க்கிறார். படித்தவராம்.

இப்போது இன்னொரு கூத்து: குளூட்டாதயோன் ஊசி. உடம்பு தானே தயாரிக்கும் ஆன்டிஆக்சிடென்டை நரம்பில் ஏற்றிப் பெண்ணை வெளுக்க வைக்கிறார்களாம், கல்யாணத்துக்கு முன்பு. பீட்டா கரோட்டின் நிறைய விழுங்கினால் தோல் மஞ்சளாகும். நலங்குச் செலவாவது மிச்சமாகும், அதைப் பரிந்துரைக்கலாமே!