ஓட்டைகளின் பட்டியலைக் காப்பது யார்?

மெல்பர்னின் மேற்கே பொயிண்ட் குக்கில் குடியிருந்துகொண்டு, வில்லியம்ஸ் லேண்டிங்கில் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போகும் தமிழர்களில் மென்பொருள் துறையினர் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு ஜிராவைத் திறக்காமல் அன்றைய வேலை தொடங்காது. 2002-இல் சிட்னியில் பிறந்த அட்லாசியன் நிறுவனத்தின் செயலி அது. எந்த மென்பொருளில் என்ன பிழை, அதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கு, வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் டிக்கெட்டுகளாகப் பதிவாகின்றன. ஒரு நிறுவனத்தின் பலவீனங்கள் இத்தனை துல்லியமாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆகவே வாடிக்கையாளர் தகவலுக்குத் தரும் காவலை இந்தப் பதிவேட்டுக்கும் தந்தாக வேண்டும். உள் அலுவல் சமாச்சாரம்தானே என்று விட்டுவைப்பது பெரிய தவறு.

2010 ஏப்ரலில் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அவர்களுடைய ஜிராவில் யாரோ ஒருவர், ஒரு பிழையைப் புகார் செய்வதுபோல் டிக்கெட் பதிந்து, அதில் சுருக்கப்பட்ட லிங்க் ஒன்றையும் வைத்தார். புகாரைப் பார்க்க வேண்டியது அட்மின்களின் கடமை. பார்த்தார்கள், லிங்க்கைச் சொடுக்கினார்கள். ஜிராவில் அப்போதிருந்த ஓர் ஓட்டை வழியாக அவர்களுடைய லாகின் அடையாளம் திருடப்பட்டது. கூடவே பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் தாக்குதலும் நடந்தது. அட்மின் அதிகாரம் கிடைத்ததும், தாக்கியவர்கள் இணைப்புக் கோப்புகள் சேமிக்கப்படும் இடத்தை மாற்றித் தங்கள் நிரலை ஏற்றினார்கள். பயனர்களின் பாஸ்வேர்டுகளைச் சேகரித்தார்கள். அதிலொன்று சர்வரின் முழு அதிகாரம் உள்ள கணக்குக்கும் பொருந்திவிட்டது. வெளியாள் எழுதுவதை அதிக அதிகாரம் உள்ளவர் திறந்து படிப்பதுதான் இவ்வகைச் செயலிகளின் வேலைமுறை. ஆபத்தும் அந்த வேலைமுறையிலேயே இருக்கிறது.

ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மொசில்லாவின் பிழைப் பதிவேடான பக்ஸில்லாவில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. சிறப்பு அனுமதி பெற்ற ஒருவர் அதே பாஸ்வேர்டை வேறொரு தளத்திலும் வைத்திருந்தார். அந்தத் தளத்திலிருந்து அது கசிந்தது. 2015 செப்டம்பரில் மொசில்லா வெளியிட்ட தகவலின்படி, ஊடுருவியவர் பார்த்த மறைவான பதிவுகள் 185. அவற்றில் 53 கடுமையான பாதுகாப்புக் குறைகள். அதிலொன்றைப் பயன்படுத்தி ஃபயர்பாக்ஸ் பயனர்களைத் தாக்கியிருப்பதாகவே மொசில்லா கருதியது. பதிவேட்டைத் திருடியவனுக்கு ஓட்டையைத் தேடும் சிரமமே இல்லை.

ஜிராவின் கிளவுட் பதிப்புக்கு மாறிவிட்டால் போதும், பேட்ச் போடும் கவலை அட்லாசியனுடையது என்பார்கள். சர்வர் பதிப்புகளுக்கான ஆதரவை அந்நிறுவனம் 2024 பிப்ரவரியில் நிறுத்தியும்விட்டது. பேட்ச் தாமதமாகும் பிரச்சினை இதனால் குறையும் என்பது உண்மை. ஆனால் மொசில்லாவைக் கவிழ்த்தது மறுபடி பயன்படுத்திய பாஸ்வேர்ட். அதை எந்தக் கிளவுடும் தடுக்காது. வேலையை விட்டுப்போன ஒப்பந்தப் பணியாளரின் கணக்கை முடக்குவதும், டிக்கெட்டுக்குள் சர்வர் பாஸ்வேர்டை எழுதாமலிருப்பதும் நிறுவனத்தின் பொறுப்பாகவே இருக்கும்.

பூட்டுகளைக் கூட்டினால் திறந்த மென்பொருள் பண்பாடு கெடும் என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. பலர் பார்ப்பதால்தான் பல பிழைகள் பிடிபடுகின்றன. எனினும் சரிசெய்யாத பாதுகாப்புக் குறைகளைத் திருத்தம் வரும்வரை மறைத்துவைத்து, பிறகு திறந்துகாட்டுவது மொசில்லாவின் பழைய வழக்கம். பக்ஸில்லா ஊடுருவலுக்குப் பின் சிறப்பு அனுமதி உள்ளவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினார்கள். அந்த அனுமதி பெற்றவர்களின் எண்ணிக்கையையும் குறைத்தார்கள். பக்ஸில்லா இன்றும் பொதுமக்களுக்குத் திறந்தேதான் இருக்கிறது.